மலைமேல் 'நீங்கள்' கிடையாது

ஹின்டர்ஷ்லாக், டிரோல்
9 அக்டோபர் 1988

அன்பு அண்ணன் கசியனுக்கு,

தங்கை புர்கல் எழுதுவது. வீட்டில் அப்பா, நான், ஆறு மாடுகள் எல்லோரும் சுகம். அப்பாவின் இடது முழங்கால் மட்டும் வானொலிக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. கனடாவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன குளிர்காலத்து இருமல் விட்டதா, இல்லை இன்னும் நாய் மாதிரி குரைத்துக்கொண்டிருக்கிறாயா?

நல்ல சேதி ஒன்று. கைஸ்போடன் குடில் எனக்குக் குத்தகைக்குக் கிடைத்துவிட்டது! ஆமாம், ரோப் கார் பாதி மலையில் நிற்குமே, அதே சாப்பாட்டுக் குடில்தான். பழைய குத்தகைக்காரன் போன வருஷம் நஷ்டம் என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டான். பள்ளிக்கூடச் சமையலறையில் பத்து வருஷம் கரண்டி பிடித்தவளுக்கு ஒரு குடிலைக் கொடுப்பார்களா என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். ரோப் கார் கம்பெனிக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார். மாகிஸ்டர் லெங்காவர், வியன்னாக்காரர். 'மாகிஸ்டர்' என்ற பட்டத்தைச் சேர்க்காமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. இந்த ஒரு குளிர்காலம் எனக்குச் சோதனை. நாற்காலிக்கு இவ்வளவு விற்பனை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். எட்டினால் குத்தகை நீளும். எட்டாவிட்டால் இன்ஸ்ப்ரூக்கில் எட்டுக் கடை வைத்திருக்கிற ஒரு ஆளுக்குப் போய்விடும்.

குடில் இருப்பது யார் நிலம் என்று உனக்கே தெரியும். நம் ஆடு மேய்ந்த இடம். அப்பா அதைக் கம்பெனிக்கு விற்ற பணத்தில்தான் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தோம், உன்னை ஓட்டல் பள்ளியில் படிக்கவைத்தோம். இன்னொருத்தன் அங்கே நின்று சூப் விற்பதைப் பார்க்க எனக்கு மனசில்லை. நீதான் அங்கே பெரிய பனிச்சறுக்கு மலையில் சாப்பாட்டுப் பிரிவையே நடத்துகிறாயே, காசு எதில் நிற்கும், எதில் ஓடும் என்று எனக்குச் சொல்லிக் கொடு.

அப்பா உனக்கு எதுவும் எழுதச் சொல்லவில்லை. கனடாவில் பன்றி இறைச்சியைப் புகை போடுவார்களா என்று மட்டும் கேட்கச் சொன்னார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
புர்கல்


எல்க் ரிட்ஜ், கனடா
30 அக்டோபர் 1988

அடி புர்கல்,

கடிதம் வந்தது. படித்துவிட்டு அலுவலகத்திலேயே கத்திவிட்டேன். இருமல் போய்விட்டது, இப்போது முதுகு வலி. ஒன்று போனால்தானே இன்னொன்று வர இடம் இருக்கும்! அப்பாவிடம் சொல், இங்கே புகை போடுகிறார்கள், ஆனால் சர்க்கரைப் பாகில் முக்கிப் போடுகிறார்கள். கேட்டால் ஒரு வாரம் தூங்கமாட்டார்.

சரி, காதைக் கொடு. நீ சூப் விற்கப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கிடையாது. நீ விற்கப்போவது நாற்காலி. மலைமேல் வருகிறவன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் பசிக்கும், மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொரு நாற்காலியையும் மூன்று முறை விற்றால் பிழைத்தாய். ஒருத்தன் ஒரு தேநீரை வைத்துக்கொண்டு மூன்று மணி வரை கையுறை காயவைத்தால் செத்தாய்.

இறைச்சி வறுவல் பார்க்கப் பகட்டாக இருக்கும், ஆனால் லாபத்தை அதுவே தின்றுவிடும். எண்ணெய், ஆள், நேரம் எல்லாம் போகும். இறைச்சியும் மிளகாய்த் தூளும் போட்டுப் பெரிய பானையில் கூலாஷ் சூப் வை. உருளைக்கிழங்கு வறுவல் வை. காசு நிற்பது குடிக்கிற சாமானில்தான். சூடான சாக்லேட்டில் என்ன லாபம் என்று உண்மையைச் சொன்னால் நீ நேரே பாதிரியாரிடம் பாவமன்னிப்புக்குப் போய்விடுவாய். தட்டு எடுக்கிற வரிசையில் கேக்கை முதலில் வை. பசியோடு வருகிறவன் முதலில் கண்ணில் பட்டதை எடுப்பான், கல்லாவுக்கு வந்த பிறகு திருப்பி வைக்க வெட்கப்படுவான். ஒவ்வொரு மாவு மூட்டையும் ரோப் காரில் மேலே போக வேண்டும், ஒவ்வொரு குப்பை மூட்டையும் கீழே வர வேண்டும். அந்தச் செலவை மறந்துவிடாதே.

கடைசியாக, சுவரில் ஒரு பலகை மாட்டு: 'கொண்டுவந்த உணவை இங்கே உண்ணக்கூடாது.' பெரிய எழுத்தில். யாராக இருந்தாலும் விடாதே. ஒரு ஆளை விட்டால் அந்த மேசை முழுக்கப் பையை அவிழ்க்கும். இங்கே அந்தப் பலகையை மாட்டிய வருஷம்தான் எனக்குப் பதவி உயர்வே கிடைத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். கல்லாவை அதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
கசியன்


கைஸ்போடன் குடில்
18 டிசம்பர் 1988

அன்பு அண்ணா,

முதுகுக்குச் சூடான தவிட்டு மூட்டை வைத்துப் பார். இங்கே நாங்கள் நலம். வானம்தான் நலமில்லை. பனியே விழவில்லை. ஒரு நீளத் துண்டு போல மலையில் ஒரே ஒரு பாதை வெள்ளையாக இருக்கிறது, இரண்டு பக்கமும் பழுப்புப் புல். வருகிறவர்கள் சறுக்கவும் முடியாமல் வீட்டுக்குப் போகவும் மனசில்லாமல் நிற்கிறார்கள்.

நீ சொன்னபடி கேக்கை முதலில் வைத்தேன். எடுக்கிறார்கள்! கூலாஷ் பானை தினமும் காலியாகிறது. பலகையும் மாட்டிவிட்டேன்.

லெங்காவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். 'விருந்தினர்களை நீங்கள் என்றே அழைக்க வேண்டும்.' நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. மலைமேல் ஏறிவிட்டால் மேயரும் நீ, பாதிரியாரும் நீ, ஜெர்மனியிலிருந்து வந்த பல் டாக்டரும் நீ. இங்கே எவன் யாரை நீங்கள் என்றிருக்கிறான்? நேற்று தீயணைப்புத் தலைவர் மத்தேயிடம், "நீங்க என்ன சாப்பிடுறீங்க?" என்றேன். அவர் பின்னால் திரும்பி யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு என் நெற்றியில் கை வைத்து, "காய்ச்சலாடி உனக்கு?" என்று கேட்டார்.

அப்பா விஷயம் ஒன்று இருக்கிறது. நிலம் விற்றபோது கம்பெனி கொடுத்த ஆயுள் ரோப் கார் சீட்டில் அவர் தினமும் மேலே வந்துவிடுகிறார். பன்னிரண்டு அடிக்கும்போது கணப்பை ஒட்டிய அடுப்பு மேசையில் உட்கார்ந்து பையை அவிழ்க்கிறார். ரொட்டி, புகை இறைச்சி, கத்தி. குடிக்கக் குழாய்த் தண்ணீர். பலகையை மாட்டிய அன்று அதைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"நல்ல எழுத்து. யாருக்காம் இது?"

"எல்லாருக்கும்தாம்ப்பா."

"நல்லதாப் போச்சு. ஒருத்தனையும் விட்டுடாதே," என்று சொல்லிவிட்டு இறைச்சியை அறுக்கத் தொடங்கினார். அதோடு விட்டாரா? எதிரில் சூப் வாங்க எழுந்த ஹாலந்துக்காரனைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, "உக்காரு, இதைத் தின்னு பாரு, சூப்பெல்லாம் அப்புறம்," என்று அவனுக்கும் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தார். என் வாடிக்கையாளருக்கு என் கடையிலேயே ஓசிச் சாப்பாடு! எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லெங்காவர் அன்றைக்கு வரவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

என்ன செய்யட்டும், சொல். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உனக்கு அனுப்பிய பிஸ்கட் பெட்டி உடையாமல் வந்து சேரட்டும்.

உன் தங்கை,
புர்கல்


எல்க் ரிட்ஜ்
8 ஜனவரி 1989

அன்புள்ள புர்கல்,

புத்தாண்டு உனக்குப் பனியோடு பிறந்திருக்கட்டும். பிஸ்கட் தூளாகத்தான் வந்தது, பாலில் போட்டுக் குடித்துவிட்டேன். தவிட்டு மூட்டைக்கு இங்கே தவிடு எங்கே போவேன்? வெந்நீர்ப் பையை வைத்தேன், பரவாயில்லை.

அப்பா கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பு மேசைதானே உன் கடையிலேயே நல்ல மேசை? குளிரில் வருகிறவன் முதலில் தேடுவது அதைத்தான். அதில் உச்சி நேரத்தில் ஒருத்தர் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், போதாததற்கு மற்றவர்களுக்கும் ஊட்டிவிட்டால், லெங்காவர் கணக்கை நீ எப்படி எட்டுவாய்? மென்மையாகச் சொல்லிப் பார். சமையலறையில் ஒரு முக்காலி போட்டுக் கொடு. கேட்கவில்லை என்றால் கண்டிப்பாகச் சொல். வியாபாரத்தில் அப்பா கிடையாது, அண்ணன் கிடையாது.

நான் சொன்னதாக மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

'நீங்கள்' விஷயத்தில் நான் உனக்கு உதவ முடியாது. இங்கே ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். மந்திரிக்கும் அதுவே, மாட்டுக்கும் அதுவே. நிம்மதி.

அன்புடன்,
கசியன்


கைஸ்போடன் குடில்
12 பிப்ரவரி 1989

அன்பு அண்ணா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பனி கொட்டித் தீர்த்துவிட்டது. கார்னிவல் வாரம் முழுக்கக் கூட்டம். கார்னிவல் சனிக்கிழமை மத்தியானம் லெங்காவர் வங்கிக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்தார். திருப்தியாகத்தான் போனார். மூன்றாம் நாள் குத்தகையை இரண்டு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நீ சொல்லிக் கொடுத்ததெல்லாம் பலித்தது. நன்றி.

அப்பா இப்போதெல்லாம் மேலே வருவதில்லை. முழங்கால்தான் காரணமாக இருக்கும்.

எல்லோருக்கும் ஒரே சொல் என்று எழுதியிருந்தாய். கொடுத்துவைத்தவன்.

புர்கல்


எல்க் ரிட்ஜ்
5 மார்ச் 1989

என் குத்தகைக்காரத் தங்கைக்கு,

இரண்டு வருஷம்! அடிச்சக்கை! நல்ல சேதியைச் சாவுச் சேதி மாதிரி எழுத உன்னால்தான் முடியும். ஏன் இவ்வளவு சின்னக் கடிதம்? களைப்பா? காய்ச்சல் ஏதாவது வந்து படுத்துவிட்டாயா? நன்றாகச் சாப்பிடு. மற்றவர்களுக்கே ஊற்றிக்கொண்டிருக்காதே.

அப்பா எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார், தெரியுமா? அம்மா போன பிறகு அவர் எழுதிய முதல் கடிதம். அரைப் பக்கம்தான். மாடு, வைக்கோல், மத்தேயின் மகன் கல்யாணம். பிறகு உன்னைப் பற்றி. அதை அப்படியே எழுதுகிறேன்: 'உன் தங்கை நல்லா இருக்காங்க. அவங்களுக்கு வியாபாரம் நல்லா நடக்குது. காலைல நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே அவங்க கிளம்பிப் போயிடறாங்க.'

என்னடி இது 'அவங்க'? நீ பெரிய முதலாளி ஆகிவிட்டதால் கிண்டல் செய்கிறாரா? அப்பாவுக்கு இப்படி நீளமாகக் கிண்டல் வராதே. படித்துவிட்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, ராத்திரி படுத்த பிறகு எழுந்து விளக்கைப் போட்டு மறுபடி படித்தேன். என்ன நடந்தது? உடனே எழுது.

உன் அண்ணன்,
கசியன்


கைஸ்போடன் குடில்
20 மார்ச் 1989

அன்பு அண்ணா,

எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. முதுகுக்கு வெந்நீர் ஒத்துவருகிறதா?

கூலாஷில் மிளகாய்த் தூளை மாற்றியிருக்கிறேன். பழையதில் நிறம்தான் இருந்தது, காரம் இல்லை. சாக்லேட்டில் மேலே அடித்த கிரீம் போட்டுத் தனி விலை வைத்தேன், யாரும் முணுமுணுக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு வாரம்தான், அப்புறம் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். கழுவித் துடைத்துப் பூட்ட வேண்டும். குழாயில் தண்ணீரை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும்.

அடுப்பு மேசை இப்போது முன்னைப் போல இரண்டு மடங்கு சம்பாதிக்கிறது. நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நீ கேட்டதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன். அடுப்பில் பானை இருக்கிறது.

புர்கல்


ஹின்டர்ஷ்லாக்
9 ஏப்ரல் 1989

மகன் கசியனுக்கு அப்பா ரொமேட் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீ நேரே கேட்டுவிட்டதால் நேரே சொல்கிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

கார்னிவல் சனிக்கிழமை மேலே போயிருந்தேன். சொந்தச் சாப்பாடு சாப்பிடக்கூடாது என்று உன் தங்கை சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், நீங்கள் என்று. பலகையும் இருக்கிறது. தப்பு என்னுடையது. ஒரு சூப் வாங்கிக் குடித்தேன். நன்றாக இருந்தது. உன் அம்மா வைத்தது இதைவிடத் தண்ணீராக இருக்கும், பாவம். காசு கொடுத்தேன். வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் சொல்வதில் என்ன வெட்கம். நான் தினமும் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. டிசம்பரில் கடை காலியாகக் கிடந்தது. அவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன் உள்ளே வருவான் என்று நினைத்தேன். இறைச்சியைக் கொடுத்தால் தாகம் எடுக்கும், பீர் வாங்குவான் என்று நினைத்தேன். நான் கடைக்கு உதவி செய்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இருந்ததால்தான் நஷ்டம் என்பது எனக்குத் தெரியாது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவர்களைத் திட்டி எதுவும் எழுதிவிடாதே. மெலிந்துபோயிருக்கிறார்கள்.

ஸ்டெல்லா பசு சினையாக இருக்கிறது, மே மாதம் ஈனும். முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொள்.

அப்பா


எல்க் ரிட்ஜ்
23 ஏப்ரல் 1989

புர்கல்,

அப்பா எழுதிவிட்டார். இத்துடன் அவர் கடிதத்தை வைத்திருக்கிறேன், நீ படிக்க வேண்டும். படித்துவிட்டு என்னைத் திட்டு.

அந்தப் பலகை என்னுடையது. 'யாராக இருந்தாலும் விடாதே' என்று எழுதிய கை என்னுடையது. 'நான் சொன்னதாகச் சொல்லாதே' என்று ஒளிந்துகொண்ட பயந்தாங்கொள்ளியும் நான்தான். அப்பா விற்ற நிலத்தில் படித்து, அந்தப் படிப்பை வைத்தே அந்த நிலத்திலிருந்து அவரை எழுப்பிவிட்டேன். நேற்று என் மேலாளர்கள் கூட்டத்தில் 'நாற்காலிக்கு வருமானம்' என்று ஒருத்தன் பலகையில் எழுதினான். நான் எழுந்து கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அப்பாவுக்கு எழுதிவிட்டேன். நீ உன்னையே போட்டு வதைத்துக்கொள்ளாதே. விதியைச் சொன்னாய், அவ்வளவுதான். அதற்கு ஏன் அவர் இரண்டு மாசமாக 'அவங்க' என்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அப்பா முரடர்தான், ஆனால் ஒரு பலகைக்காக மகளை ஒதுக்குகிறவர் இல்லை. அவர் எழுதாத ஏதோ ஒன்று இருக்கிறது. இருந்தால் நீ எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது.

கசியன்


ஹின்டர்ஷ்லாக்
28 மே 1989

அன்பு அண்ணா,

நானும் அப்பாவும் உடம்பால் நலம். உன் முதுகும் நலம் என்று எழுதியிருந்தாய் அப்பாவுக்கு. சந்தோஷம்.

அவர் எழுதாத ஒன்று இருக்கிறது. அதை அவர் எனக்காக விட்டுவிட்டார் என்று அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நிற்க இடமில்லை. அடுப்பு மேசையில் ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் லெங்காவரும் வங்கிக்காரர்களும். அப்பா பையை அவிழ்த்தார். ரொட்டியை மார்போடு அணைத்து அறுத்தார், கத்தி தன் பக்கம் வருகிற மாதிரி, அவர் வழக்கப்படி. துணுக்குகள் வங்கிக்காரரின் கோட்டில் விழுந்தன. லெங்காவர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பெரியவர் யாருங்க?"

அப்பா தலையைத் தூக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது, அண்ணா. நான் அவரை அறிமுகப்படுத்தப்போகிறேன் என்று நினைத்துவிட்டார். கையைக்கூடச் சட்டையில் துடைத்துக்கொண்டார், லெங்காவருக்குக் கை கொடுக்க.

"தெரியலைங்க, மாகிஸ்டர்," என்றேன். "யாரோ வந்தவர்."

"அப்போ பலகையில இருக்கறதைச் சொல்லுங்க."

நான் அப்பா பக்கம் திரும்பினேன். "ஐயா, நீங்க கொண்டுவந்த சாப்பாட்டை இங்க சாப்பிடக்கூடாது."

மூன்றடி தூரம்தான். தெரியலை என்று நான் சொன்னது அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கத்தியை மடக்கினார்.

"மன்னிச்சுக்குங்க அம்மா. எனக்குத் தெரியாதுங்க. ஒரு சூப் கொடுங்க."

தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார், அண்ணா, அந்த முழங்காலோடு. குடித்து முடித்துத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். பிறகு கல்லாவில் காசு கொடுத்தார். மீதி பத்து ஷில்லிங் நாணயத்தை நான் நீட்டினால், "நீங்க வெச்சுக்குங்க," என்றார். டிப்ஸ்! எனக்கு! அவர் போன பிறகு லெங்காவர் வங்கிக்காரர்களிடம், "பாத்தீங்களா, மலைக்காரங்ககிட்ட எவ்வளவு பண்பு," என்றார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, "அப்பா" என்று ஆரம்பித்தேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். கோபம் எதுவும் இல்லை, குரலை உயர்த்துவதும் இல்லை. 'உப்பை இப்படிக் கொஞ்சம் நகர்த்துறீங்களா?' 'வெளிய குளிருது, சால்வை எடுத்துக்குங்க.' அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வீட்டில் இரண்டு பேர், அதில் ஒருத்தர் வாடகைக்கு இருப்பவர் மாதிரி பேசுகிறார்.

கடையைப் பூட்டுகிற நாளில் லெங்காவர் வந்தார். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்று தெரியாது என்று சொன்னது பொய், அவர் என் அப்பா, இந்தக் குடில் அவர் விற்ற நிலத்தில் நிற்கிறது, குத்தகையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அந்த மனிதர் முகம் சிவந்துபோனார்.

"எடுத்துக்கறதா? எதுக்குங்க? அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அவர்கிட்ட ஒரு துண்டு ரொட்டி கேட்டு வாங்கியிருப்பேனே," என்றார்.

அப்படியானால் எதற்காக நான் அதைச் சொன்னேன்? குத்தகைக்காக என்றுகூட இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது. கோட்டில் விழுந்த ரொட்டித் துணுக்கைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது, அண்ணா. அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டேன். அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அழுதேன். கேட்டுக்கொண்டார். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா? நல்லதுங்க," என்றார். அந்தப் பத்து ஷில்லிங்கை எடுத்து மேசையில் வைத்தேன். இத்தனை நாள் அதைக் கல்லாவில் போடவும் முடியாமல் செலவழிக்கவும் முடியாமல் மேலங்கிப் பையிலேயே வைத்திருந்தேன். அவர் அதை ஒரு விரலால் என் பக்கமே தள்ளினார். "கொடுத்த டிப்ஸைத் திருப்பி வாங்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க."

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை மன்னித்துவிட்டார். 'முட்டாப்பய, அவனுக்கு எப்பவும் அதிகப்பிரசங்கித்தனம்' என்றார். உன்னைத் திட்டுகிறார், பார். எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம், ஸ்டெல்லா ஈன ஆரம்பித்தது. கன்று புரண்டு கிடந்தது, கால் மாட்டிக்கொண்டது. பூசை உடுப்போடேயே இரண்டு பேரும் ஓடினோம். அப்பா கையை உள்ளே விட்டுத் திருப்பினார், நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். ஒரு இழுப்பில் என் கால் வழுக்கியது. அப்பா கத்தினார்: "பிடிடி! விட்டுடாதேடி, கழுதை! இழு!"

இழுத்தேன். உடம்பில் இருந்த எல்லாப் பலத்தையும் போட்டு இழுத்தேன். கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. நான் சாணத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தேன். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தார். நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு துண்டை எடுத்து என் பக்கம் நீட்டி, மெதுவாகச் சொன்னார்.

"கையைத் துடைச்சுக்குங்க."

பெண் கன்று, அண்ணா. நன்றாக இருக்கிறது. தினமும் காலையில் அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டு பேசுகிறார். நான் தொழுவத்துக்கு வெளியே பால் வாளியோடு நின்று கேட்கிறேன். பிறந்த நிமிடத்திலிருந்து அதை அவர் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
புர்கல்